மூச்சின் பாதை ஒன்றே

மார்கழி மாதத்து டில்லி. அதிகாலை ஐந்து மணி. சன்னலுக்கு வெளியே பனியும் புகையும் கலந்து நிற்கின்றன. தியானத்திற்கென விரிப்பை விரித்து அமர்கிறார் ஒரு சாதகர். கண்களை மூடிய சிறிது நேரத்திலேயே இடது நாசி அடைத்துக்கொள்கிறது. நெற்றியும் கன்னங்களும் கனக்கின்றன. தொண்டையின் பின்புறமாகச் சளி இறங்குகிறது. வாயால் மூச்சுவிடத் தொடங்குகிறார். கால் மணி நேரத்திற்குள் மார்பு இறுகி, மூச்சில் சீழ்க்கை போன்ற ஒலி எழுகிறது. பையிலுள்ள நீல நிற இன்ஹேலரை எடுத்து இருமுறை உள்ளிழுக்கிறார். மார்பு இளகுகிறது. ஆனால், 'இத்தனை ஆண்டுப் பயிற்சிக்குப் பின்னும் இந்த மருந்தை விட முடியவில்லையே' என்ற எண்ணம் மட்டும் முள்ளாய்த் தைத்து நிற்கிறது.

இத்தகைய சாதகர் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார். ஊருக்கு ஊர் காரணம் மாறலாம். மும்பையில் மழைக்காலத்து ஈரச்சுவரின் பூஞ்சை, பெங்களூரில் மகரந்தம், கொல்கத்தாவில் குளிர்காலப் புகை. துன்பம் ஒன்றே. உலக நோய்ச்சுமை ஆய்வின் மதிப்பீட்டின்படி, 2019 ஆம் ஆண்டில் இந்தியாவில் சுமார் 3.4 கோடிப் பேர் ஆஸ்துமாவுடன் வாழ்ந்தனர். உலகில் ஆஸ்துமாவால் நேர்ந்த மரணங்களில் 40 விழுக்காட்டிற்கும் மேற்பட்டவை இந்நாட்டில் நிகழ்ந்தன. மருந்து கண்டறியப்பட்டுவிட்ட ஒரு நோயால் இத்தனை உயிர்கள் பிரிவது சிந்திக்கத்தக்கது. மருத்துவ வசதியின்மையும் வறுமையும் இதற்குக் காரணங்கள். அவற்றுடன் மூன்று தவறான எண்ணங்களும் சேர்ந்துகொள்கின்றன. மூக்கின் நோய் வேறு, மார்பின் நோய் வேறு என்பது முதலாவது. நலமாக இருக்கும்போது மருந்து வேண்டாம் என்பது இரண்டாவது. பொறுத்துக்கொள்வதே உயர்ந்த பண்பு என்பது மூன்றாவது. இம்மூன்றையும் ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

ஒரே பாதை

மூக்கு வெறும் துவாரமன்று. வெளியிலிருந்து வரும் காற்றை உடல் வெப்பத்திற்கு ஏற்பச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசியை வடிகட்டி உள்ளே அனுப்பும் வாயிற்காவலன் அது. அதனைச் சூழ்ந்து நெற்றியிலும் கன்னங்களிலும் கண்களுக்கிடையிலும் அவற்றின் பின்புறத்திலுமாக நான்கு இணைக் காற்றறைகள் உள்ளன. இவையே சைனஸ்கள். இவற்றின் உட்சவ்வில் உள்ள நுண்ணிய மயிரிழைகள் இடையறாது அசைந்து சளியை மூக்கை நோக்கித் தள்ளுகின்றன. கன்னத்துச் சைனஸின் வாயில் அறையின் மேற்பகுதியில் அமைந்துள்ளதால், அங்குள்ள சளி கீழிருந்து மேலாக ஏற்றப்பட வேண்டியிருக்கிறது. சவ்வு வீங்கினால் அந்தச் சிறு வாயில் மூடிக்கொள்கிறது, சளி தேங்குகிறது, முகம் கனக்கிறது.

மூக்கின் சவ்வு அங்கேயே முடிந்துவிடுவதில்லை. தொண்டை வழியே மூச்சுக்குழாய்களுக்குள்ளும் அது தொடர்ந்து செல்கிறது. ஆகவே மேலே எழும் அழற்சி கீழேயும் எதிரொலிக்கிறது. மூக்கு அடைபட்டால் மனிதர் வாயால் மூச்சு விடுகிறார். குளிர்ந்த, வறண்ட, வடிகட்டப்படாத காற்று நேராக மார்பினுள் இறங்குகிறது. இயல்பாகவே எளிதில் சுருங்கும் தன்மையுள்ள ஆஸ்துமா நோயாளியின் குழாய்கள் அதனைத் தாங்குவதில்லை. 1999 ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்துடன் இணைந்து கூடிய வல்லுநர்கள் இத்தொடர்பை ஆராய்ந்து, 2001 ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டனர். மூக்கு ஒவ்வாமை உள்ளவரிடம் ஆஸ்துமா இருக்கிறதா என்றும், ஆஸ்துமா உள்ளவரிடம் மூக்கு நோய் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம்.

நம் முன்னோர் இதனை அறியாதவர்கள் அல்லர். சரக சம்ஹிதை மூச்சுத்திணறலை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. அவற்றுள் ஆஸ்துமாவோடு பெரிதும் ஒத்திருப்பது தமக சுவாசம். வாயு தன் வழியில் திரும்பி மேலேறி, கழுத்தையும் தலையையும் பற்றி, கபத்தைக் கிளப்பிப் பீனசத்தை உண்டாக்கி, பின்னர் மூச்சில் ஒலியையும் திணறலையும் தருகிறது என்று அந்நூல் விளக்குகிறது. படுத்தால் துன்பம் மிகும், அமர்ந்தால் தணியும், மேகமும் மழையும் குளிரும் கீழைக்காற்றும் நோயைப் பெருக்கும் என்றும் கூறுகிறது. பீனசமும் மூச்சுத்திணறலும் ஒரே நோயின் விவரணைக்குள் அமைந்திருப்பதைக் கவனிக்க வேண்டும்.

தாங்குகோல்

அதே சரகர் தமக சுவாசத்தை 'யாப்பியம்' என்ற வகையில் சேர்க்கிறார். புதிதாகத் தோன்றியதாயின் தீர்க்கலாம். வேரூன்றியதாயின் முற்றிலும் தீராது, ஆனால் இடையறாத சிகிச்சையால் கட்டுக்குள் நிற்கும் என்பது இதன் பொருள். சுசுருதர் இவ்வகை நோய்க்கு ஓர் உவமை தருகிறார். சாயும் நிலையிலுள்ள வீட்டை முறையாக முட்டுக்கொடுத்த தூண் தாங்குவதுபோல, தக்க சிகிச்சை யாப்பிய நோயாளியைத் தாங்குகிறது. வீடு நிற்கிறது என்பதற்காகத் தூணை எடுத்துவிடலாமா?

ஆஸ்துமா மருந்துகளுள் இரு வகை உண்டு. ஒன்று, சுருங்கிய குழாயைச் சில நிமிடங்களில் விரிக்கும் நிவாரணி. சல்பூட்டமால் இவ்வகையைச் சேர்ந்தது. மற்றொன்று, அழற்சியைத் தணிக்கும் தடுப்பு மருந்து. உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு இவ்வகையைச் சேர்ந்தது. நிவாரணியின் பலன் உடனே தெரிகிறது. ஆகவே மனம் அதனைப் பற்றிக்கொள்கிறது. தடுப்பு மருந்தின் பலனோ, நேராத ஒன்றாகவே இருக்கிறது. வராத இருமல், கலையாத உறக்கம், ஏறிய பிறகும் இளைக்காத மாடிப்படி. நேராததை மனம் கணக்கில் கொள்வதில்லை. எனவே அந்த இன்ஹேலர் அலமாரியிலேயே உறங்குகிறது.

இதன் ஆபத்து இப்போது தெளிவாக உணரப்பட்டுள்ளது. அடியிலுள்ள அழற்சியைத் தணிக்காமல் நிவாரணியை மட்டுமே நம்பியிருப்போருக்குக் கடுமையான தாக்குதலும் மரணமும் நேரும் வாய்ப்பு அதிகம். பெரியவர்களும் வளரிளம் பருவத்தினரும் இவ்வகை நிவாரணியை மட்டும் தனித்துப் பயன்படுத்தலாகாது என்று 2019 ஆம் ஆண்டு முதல் ஆஸ்துமாவிற்கான உலகளாவிய வழிகாட்டு நெறிகள் கூறிவருகின்றன. வாரத்தில் இருமுறைக்கு மேல் நிவாரணி தேவைப்படுவதும், இரவில் மூச்சுத்திணறி விழிப்பதும், நோய் கட்டுக்குள் இல்லை என்பதன் அடையாளங்கள்.

'இன்ஹேலர் பழக்கமாகிவிடும்' என்ற அச்சம் நம் வீடுகளில் ஆழமாக வேரூன்றியுள்ளது. உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு போதைப்பொருள் போன்ற பழக்கத்தை உண்டாக்குவதில்லை. மாத்திரை உடல் முழுவதும் பரவுகிறது. அதன் அளவு மில்லிகிராம் கணக்கில் அமைகிறது. இன்ஹேலர் மருந்தோ மைக்ரோகிராம் கணக்கில், வேண்டிய இடத்திற்கே நேராகச் செல்கிறது. உள்ளிழுத்தபின் வாயைக் கொப்பளித்துத் துப்பினால் தொண்டைப் புண், பூஞ்சை ஆகியவற்றைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். செலவு தடையாக இருப்பின் மருந்தைத் தாமே குறைத்துக்கொள்ளாமல், மருத்துவரிடம் வெளிப்படையாகக் கூறுவது நன்று. விலை குறைந்த மாற்று மருந்துகள் மக்கள் மருந்தகங்களில் கிடைக்கின்றன. மருந்தின் அளவைக் குறைக்கவும் காலம் வரும். நோய் பல மாதங்கள் அடங்கி நின்ற பிறகு, மருத்துவரின் மேற்பார்வையில், படிப்படியாகச் செய்ய வேண்டியது அது.

மூக்கைப் பேணுதல்

மார்புக்கு மருந்து எடுத்தும் நலம் பெறாதவர், மூக்கைக் கவனித்தாரா என்று தம்மையே வினவ வேண்டும்.

யோக நூல்கள் கூறும் ஜலநேதி, இன்றைய மருத்துவரும் பரிந்துரைக்கும் உப்புநீர்க் கழுவலே ஆகும். தேங்கிய சளியையும் தூசியையும் மகரந்தத்தையும் அது அகற்றுகிறது. ஒரு லிட்டர் நீருக்கு 9 கிராம், அதாவது சுமார் ஒன்றரைச் சிறுகரண்டி உப்பு, உடலின் உப்புத்தன்மைக்கு இணையானது, எரிச்சல் தராதது. ஆனால் நீர் கொதிக்க வைத்து வெதுவெதுப்பாக ஆறியதாகவே இருக்க வேண்டும். குழாய் நீரோ கிணற்று நீரோ நேரடியாகக் கூடாது. நன்னீரில் வாழும் ஒருவகை அமீபா மூக்கின் வழியே மூளையை அடைந்து உயிரைப் பறிக்கும். 2011 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் குழாய் நீரால் நேதி செய்த இருவர் இவ்வாறு இறந்தனர். கேரளத்தில் 2024, 2025 ஆம் ஆண்டுகளில் அமீபா மூளைக்காய்ச்சல் பலரைத் தாக்கியதையும் நினைவில் கொள்ள வேண்டும். கெண்டியை ஒவ்வொரு முறையும் கழுவி உலர்த்துதல் அவசியம். மூக்கு முற்றிலும் அடைபட்டிருக்கும்போதும் காதுவலி உள்ளபோதும் நேதி செய்யலாகாது. முடித்தபின் முன்குனிந்து நீரை வடியவிட்டு, ஒவ்வொரு நாசியாக மெதுவாகச் சிந்த வேண்டும்.

மருத்துவர் தரும் மூக்கு ஸ்டீராய்டு ஸ்பிரேயும் தடுப்பு மருந்தைப் போன்றதே. சில நாட்களிலிருந்து இரண்டு வாரங்கள் வரை தொடர்ந்தால்தான் முழுப்பலன் தெரியும். தலையைச் சற்றே குனிந்து, வலக்கையால் இடது நாசியிலும் இடக்கையால் வலது நாசியிலும் தெளித்தால், மருந்து நடுச்சுவரில் படாமல் பக்கவாட்டில் செல்லும். இதற்கு மாறாக, கடையில் வாங்கி உடனே மூக்கைத் திறக்கும் சொட்டு மருந்துகளைச் சில நாட்களுக்கு மேல் பயன்படுத்தினால், மருந்தின் வேகம் தணிந்ததும் மூக்கு முன்னிலும் கடுமையாக அடைத்துக்கொள்ளும். பலர் மாதக்கணக்கில் இச்சுழலில் சிக்கியிருக்கின்றனர்.

சைனஸ் தலைவலிக்கு வலிமாத்திரை விழுங்குவோர் மேலும் ஒன்றை அறிய வேண்டும். ஆஸ்துமாவுடன் மூக்கில் சதை வளர்ச்சியும் உள்ள சிலருக்கு, ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவை கடும் மூச்சுத்திணறலைத் தூண்டும். இரத்த அழுத்தத்திற்கும் கண் அழுத்தத்திற்கும் தரப்படும் சில மருந்துகளும் மூச்சுக்குழாயைச் சுருக்கக்கூடும். எந்த மருத்துவரிடம் சென்றாலும், 'எனக்கு ஆஸ்துமா உண்டு' என்பதே முதற்சொல்லாக இருக்கட்டும்.

மூச்சுப் பயிற்சியின் இடம்

பிராணாயாமம் ஆஸ்துமாவிற்கு உதவுமா? ஆராய்ச்சிகள் அடக்கத்துடன் 'ஆம்' என்கின்றன. பெங்களூரில் 53 நோயாளிகள் இரண்டு வாரம் யோகப் பயிற்சி பெற்று, பின்னர் வீட்டில் தொடர்ந்து செய்தனர். பயிற்சி பெறாத 53 பேரோடு ஒப்பிட, அவர்களுக்குத் தாக்குதல்களும் மருந்துத் தேவையும் குறைந்தன. இவ்வாய்வு 1985 ஆம் ஆண்டில் வெளிவந்தது. மூச்சை வெளிவிடும் நேரத்தை உள்ளிழுக்கும் நேரத்தைப்போல் இருமடங்காக்கும் ஒரு சிறு கருவி ஜெய்ப்பூரில் உருவாக்கப்பட்டது. அதனைக் கொண்டு இங்கிலாந்தில் லேசான ஆஸ்துமா உள்ள 18 பேரிடம் நிகழ்ந்த ஆய்வு 1990 ஆம் ஆண்டில் வெளிவந்தது. பயிற்சிக்குப் பின் அவர்களுடைய மூச்சுக்குழாய்கள் எளிதில் சுருங்கும் இயல்பு குறைந்தது. 2002 ஆம் ஆண்டில் ஸ்வீடன் ஆய்வாளர்கள், வண்டுபோல் முரலும்போது மூக்கிலிருந்து வெளிவரும் நைட்ரிக் ஆக்சைடு 15 மடங்காக உயர்வதைக் கண்டனர். சைனஸ்களிலிருந்து காற்று நன்கு வெளியேறுவதையே அது காட்டுகிறது. பிராமரி பயிலும் அன்பர்களுக்கு இது மகிழ்ச்சி தரும் செய்தி.

எனினும் இவ்வாய்வுகள் எதுவும் மருந்தை நிறுத்தச் சொல்லவில்லை. பயிற்சி மருந்தின் தோழன். மூச்சு சீராக உள்ளபோது மெதுவாக இழுத்து, அதைவிட நீளமாக வெளிவிடும் எளிய பயிற்சி போதும். திணறல் உள்ள நாளில் கபாலபாதி, பஸ்திரிகா, கும்பகம் ஆகியவை கூடா. அடைபட்ட நாசியில் வலிந்து நாடிசுத்தி செய்வதாலும் பயனில்லை. ஆரோக்கியமானவர்களுக்கும் சில மணி நேரத்திற்கு ஒருமுறை நாசிகள் மாறிமாறித் தடிப்பதும் தளர்வதும் இயல்பே. அடைத்த நாசி மேற்புறமாக இருக்குமாறு ஒருக்களித்துச் சற்றுநேரம் படுத்தால், அது தானே திறக்கக் காணலாம்.

பூஜை அறையும் படுக்கை அறையும்

மூச்சைக் கெடுக்கும் பொருள்கள் பல நம் வீட்டிற்குள்ளேயே உள்ளன. சாம்பிராணி, ஊதுவத்தி, கற்பூரம் ஆகியவற்றின் புகை ஆஸ்துமா நோயாளிக்குப் பகை. வீட்டில் ஒருவருக்கு இந்நோய் இருப்பின், தூபத்திற்குப் பதில் மலர் சாற்றுவதும், ஒற்றை நெய்விளக்குடன் நிறுத்திக்கொள்வதும் வழிபாட்டிற்குக் குறையாகா. கொசுவத்திச் சுருளும் தாளிக்கும் புகையும் இவ்வாறே. சத்சங்க மண்டபத்து ஜமுக்காளங்களை முந்தைய நாளே வெளியில் உதறி வெயிலில் காயவைப்பது, கூடுவோர் அனைவருக்கும் செய்யும் சேவை. தலையணை உறை, படுக்கை விரிப்பு ஆகியவற்றை வாரந்தோறும் வெந்நீரில் துவைத்தால் தூசிப்பூச்சிகள் குறையும். பஞ்சாப், ஹரியானா வயல்களின் வைக்கோற்புகையும் வாகனப்புகையும் குளிர்க்காற்றில் தங்கி நிற்கும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில், வடநாட்டு அன்பர்கள் அதிகாலை நடையைத் தவிர்த்து, வெயில் ஏறியபின் வெளிச்செல்வது நலம்.

பொறுமையும் அலட்சியமும்

துன்பத்தைப் புலம்பாமல் ஏற்பது தித்திட்சை. தீர்க்கக்கூடிய துன்பத்தைத் தீர்க்காமல் விடுவது அலட்சியம். இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருப்பதால்தான் சாதகர் ஏமாறுகிறார்.

சுவாமி விவேகானந்தரை அவருடைய இறுதி ஆண்டுகளில் ஆஸ்துமா கடுமையாக வாட்டியது. 1901 ஆம் ஆண்டில் கிழக்கு வங்காளம், அசாம் பயணத்தின்போது ஷில்லாங்கில் அது மிகவும் முற்றியது. இன்றைய இன்ஹேலர்கள் எவையும் இல்லாத காலம் அது. அவர் நோயைக் கண்டு கலங்கவில்லை, சிகிச்சையை மறுக்கவுமில்லை. அதே ஆண்டில் கவிராஜ வைத்தியர் விதித்த, தண்ணீரையும் உப்பையும் விலக்கும் கடும் பத்தியத்தைப் பேலூர் மடத்தில் உறுதியுடன் கடைப்பிடித்தார். அத்தகையவருக்கே வந்த நோயை, பயிற்சிக் குறைவின் அடையாளமாகக் கருதி ஒருவர் தம்மை நொந்துகொள்வது தகுமா? மருந்தை ஏற்பதை இழுக்கென எண்ணுவதும் தகுமா?

ஏகாதசி உபவாசத்தன்று இன்ஹேலரை நிறுத்துவோர் உண்டு. அது உணவன்று, விரதம் அதனால் முறிவதில்லை. யாத்திரை செல்வோரும் கவனிக்க வேண்டும். கேதார்நாத் 3,500 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் உள்ளது. குளிர்ந்த, வறண்ட காற்றில் ஏறுவது மூச்சுக்குழாய்க்குச் சோதனை. நிவாரணி இன்ஹேலர் சுமையோடு சேர்ந்து குதிரையில் செல்லாமல், தம் சட்டைப்பையிலேயே இருத்தல் வேண்டும்.

கீழ்க்கண்டவற்றுள் ஒன்று தோன்றினாலும், ஆசனத்தில் அமர்ந்து பொறுத்துக்கொண்டிருக்கும் நேரம் அதுவன்று. ஒரு முழு வாக்கியத்தைப் பேச முடியாமை, நிவாரணி எடுத்தும் இளகாமை, அல்லது நான்கு மணி நேரத்திற்குள் மீண்டும் தேவைப்படுதல், உதடும் நகமும் நீலம் பாரித்தல், விலாவும் கழுத்தும் உள்வாங்குதல், மயக்கம். உடனே நிமிர்ந்து உட்கார வைத்து, மருத்துவர் எழுதித்தந்த அளவில் நிவாரணியை ஸ்பேசர் வழியே கொடுத்துக்கொண்டே, 112 அல்லது 108 எண்ணை அழைக்க வேண்டும். சைனஸ் நோயில் கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரட்டித்தல், கடுங்காய்ச்சலுடன் கழுத்து விறைத்தல் ஆகியவையும் அவசர அறிகுறிகளே. பத்து நாட்களைக் கடந்தும் குறையாத சளியும், குறைந்து பின் மீண்டும் பெருகும் சளியும் மருத்துவரிடம் காட்டத்தக்கவை. அதற்கு முன்பாகத் தாமே நுண்ணுயிர்க்கொல்லி மருந்து வாங்கி உண்ணுதல் வேண்டாம்.

நாள்தோறும் கடைப்பிடிக்க

1. காலை, மாலை தியானத்திற்கு முன் தடுப்பு மருந்தையும் மூக்கு ஸ்பிரேயையும் மருத்துவர் கூறியவாறு எடுத்தல். பின்னர் வாய் கொப்பளித்தல்.

2. கொதித்து ஆறிய உப்புநீரால் நாசியைக் கழுவுதல். தூசியிலோ புகையிலோ சென்று வந்த நாளில் தவறாமல் செய்தல்.

3. நிவாரணி எடுத்த நாளையும் நேரத்தையும் ஒரு சிறு ஏட்டில் குறித்தல். வாரத்தில் இருமுறைக்கு மேல் குறிப்பு ஏறினால் மருத்துவரைக் காணல்.

4. இன்ஹேலரை உள்ளிழுக்கும் முறையை ஆண்டுக்கு ஒருமுறையேனும் மருத்துவர் முன் செய்துகாட்டித் திருத்திக்கொள்ளுதல்.

5. தாக்குதல் வந்தால் செய்ய வேண்டியவற்றை எழுதி, வீட்டார் அனைவரும் காணும் இடத்தில் ஒட்டிவைத்தல்.

டில்லியின் அந்தச் சாதகரிடம் திரும்புவோம். அவர் அலமாரியைத் திறந்து, உறங்கிக்கொண்டிருந்த மற்றோர் இன்ஹேலரை எடுத்து, மருந்து காலாவதியாகவில்லை என்று பார்த்து, தியான விரிப்பின் அருகே வைத்துக்கொள்கிறார் என்க. காலையில் பல் துலக்குவதை யாரும் பலவீனம் என்று எண்ணுவதில்லை. அவ்வாறே இதுவும் ஒரு நியமமாகிவிட்டால், முள்ளாய்த் தைத்த எண்ணம் நீங்கும். சில வாரங்களில் மூக்கு இளகும். இரவு உறக்கம் தொடரும். நீல நிற இன்ஹேலர் பையில் இருக்கும், ஆனால் அரிதாகவே வெளிவரும். அதிகாலை ஐந்து மணிக்கு அவர் கண்களை மூடும்போது, மூச்சு தன் வழியே சென்று வரும். மூச்சை நினைக்க வேண்டியிராத மனம், நினைக்க வேண்டியதில் நிலைபெறும்.

சிந்தனைக்கு

தடுப்பு மருந்தைக் கடைசியாக எடுத்தது எப்போது? அதனை நிறுத்தியது மருத்துவரின் சொல்லாலா, மனத்தின் சொல்லாலா? வீட்டில் ஒருவர் மூச்சுக்குத் திணறும்போது அவரைப் பொறுத்துக்கொள்ளச் சொன்னதுண்டா?